மாண்ட்ரோ ஜாஸ் விழாவில் ஜாஸ் எங்கே?

பழைய கேசட்:
சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒவ்வொரு ஜூலையும் நடக்கும் மாண்ட்ரோ ஜாஸ் விழாவைப் பற்றி ரொம்ப நாளாக மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 2023இல் பெரிய பெயர்கள் யார்? பாப் டிலன், லயனல் ரிச்சி, இக்கி பாப், லில் நாஸ் எக்ஸ். 2024இல் கிராஃப்ட்வெர்க், டீப் பர்ப்பிள், ரே. எல்லாம் ராக், பாப், ராப், மின்னிசை, ஜாஸ் இல்லை. இவர்களில் யார்மீதும் எனக்குக் கோபமில்லை, டிலனைத் தினமும் கேட்பவன் நான். ஆனால் 1967இல் இந்த விழா மூன்றே நாள் நடந்தபோது மேடையில் இருந்தது ஜாஸ் சாக்ஸ் கலைஞர் சார்லஸ் லாய்டின் நால்வர் குழு. பியானோவில் கீத் ஜாரெட், டிரம்ஸில் ஜாக் டிஜானெட், இருவருக்கும் இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருடம் ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் வந்தார், அந்த ஒலிப்பதிவுக்கு கிராமி விருது கிடைத்தது. அப்படிச் சம்பாதித்த பெயர் இது. ஒன்று பெயரை மாற்றட்டும், இல்லையென்றால் பெரிய மேடையில் பாதி இரவுகளையாவது ஜாஸுக்குக் கொடுக்கட்டும்.

ஏரிக்காற்று:
அண்ணா, நீங்கள் சொல்லும் அந்தத் தூய காலம் இரண்டே வருடம்தான். 1969இல் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய அதே விழாவில் டென் இயர்ஸ் ஆஃப்டர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவும் வாசித்தது. 1970இல் ராக் கிடார் கலைஞர் சான்டானா வந்துவிட்டார். விழாவைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான க்ளோட் நோப்ஸ் சமையல் கலை படித்தவர், ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தனக்குப் பிடித்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுகிற மாதிரிதான் அவர் விழா நடத்தினார். யாரும் ஜாஸை வெளியே தள்ளிவிட்டு ராக்கை உள்ளே கொண்டுவரவில்லை. ஆரம்பத்திலிருந்தே இரண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்தவை.

பழைய கேசட்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே 1969இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பியானோ கலைஞர் லெஸ் மெக்கானும் சாக்ஸ் கலைஞர் எடி ஹாரிசும் அந்த மேடையில் சேர்ந்து வாசித்தார்கள். ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட அமெரிக்க டிரம்பெட் கலைஞர் பென்னி பெய்லியும் கூடச் சேர்ந்தார். ஒத்திகை இல்லை. பெய்லிக்குப் பாடல்களே தெரியாது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள்: மெக்கான் பியானோவில் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறார், அடுத்து என்ன என்று மற்றவர்கள் காத்திருப்பது அப்படியே காதில் விழுகிறது. அப்புறம் டிரம்பெட் நுழைகிறது. தேடிக்கொண்டே நுழைகிறது, இரண்டு மூன்று முறை மேலே ஏறிப் பார்க்கிறது, திடீரென்று வழி பிடித்துக்கொள்கிறது. கூட்டம் கத்துகிறது.

என் குறை வகைப்பெயரைப் பற்றியது அல்ல. இன்று பெரிய பெயருள்ள கலைஞர் லாரி லாரியாகச் சாமான்களோடு வருகிறார். பாடல் வரிசை முன்பே முடிவானது, விளக்குகூட நொடிக்கணக்கில் எழுதி வைத்தது. அதே நிகழ்ச்சி அடுத்த ஊரிலும் அப்படியே நடக்கும். மாண்ட்ரோவில் மட்டும்தான் நடக்கும் என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது?

தனி ஆவர்த்தனம்:
அண்ணா சொல்வதை நம் வார்த்தையில் சொன்னால் மனோதர்மம், மேடையிலேயே கற்பனையாக வாசிப்பது. அப்படியானால் 1976இல் மாண்ட்ரோவில் வாசித்த ஷக்தி குழுவை எங்கே வைப்பீர்கள்? ஜான் மெக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். எந்த ஜாஸ் அகராதியிலும் கடம் கிடையாது. எல்லோரும் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விக்கு சாரின் இரண்டு கைகளையும் பாருங்கள். பானையின் வாயை வயிற்றில் அழுத்தும்போது ஒலி மூடிக்கொண்டு ஆழமாகப் போகிறது, கொஞ்சம் விலக்கினால் திறந்துகொள்கிறது. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் ஜாகிர் பதில் கொடுத்துவிடுகிறார். வாயால் தாளச் சொற்களைச் சொல்லும் கொன்னக்கோல் என்ற வார்த்தையையே கேட்டிராத ஒரு கூட்டம் அதற்கு ஆர்ப்பரிக்கிறது. வாசல்காரர் “இது ஜாஸா?” என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் இவர்கள் நால்வரும் உள்ளே வந்திருக்கவே முடியாது.

பழைய கேசட்:
தம்பி, ஷக்தி என் பக்கத்துச் சாட்சி! அங்கே நடந்தது முழுக்க முழுக்க அந்த நேரத்தில் பிறந்த வாசிப்பு. அதைத்தான் நான் ஜாஸ் என்கிறேன். வாசலில் கேட்க வேண்டிய கேள்வி “இது ஜாஸா?” அல்ல, “இன்றைக்கு நீங்களே எதிர்பார்க்காதது ஏதாவது நடக்குமா?” என்பதுதான்.

கடைசி வரிசை:
அந்தக் கேள்வியை வைத்தே பேசுவோம். அதே 1976இல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி நினா சிமோன் அங்கே பாடினார். மேடைக்கு வந்து குனிந்து வணங்குகிறார், நிமிர்கிறார், பியானோ பக்கத்தில் அசையாமல் நின்று கூட்டத்தையே பார்க்கிறார். கைதட்டல் அடங்கி, கூட்டத்துக்கே சங்கடமாகிற அளவுக்கு நிற்கிறார். பிறகு, இனி ஜாஸ் விழாக்களில் பாடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன், அந்த முடிவு மாறவில்லை என்று அந்த மேடையிலேயே சொல்கிறார். பின்னால் ஒரு பாட்டின் நடுவே யாரோ எழுந்தபோது நிறுத்திவிட்டு “உட்கார்” என்கிறார், அவர் உட்காரும்வரை விடவில்லை.

சாஸ்திரிய பியானோ கலைஞராக வேண்டும் என்று வளர்ந்த பெண் அவர். ஜாஸ் என்ற முத்திரையை வெள்ளைக்காரர்கள் கறுப்பர்கள்மேல் ஒட்டியது என்றே பார்த்தார். மாண்ட்ரோவின் மிகப் பெரிய இரவுகளில் ஒன்றைத் தந்தவருக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை, நாம் பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். பெயர்ப்பலகையைக் காப்பாற்றுவது கலைஞர்களுக்காகவா, நமக்காகவா?

ஏரிக்காற்று:
இதைவிட எனக்கு உறுத்துவது 1973. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் முதன்முதலில் மாண்ட்ரோ வந்தார். டிரம்பெட்டை மின்சாரத்தில் இணைத்து, ஒலியை வளைக்கும் வா-வா பெடலை மிதித்து, மெட்டே இல்லாதது போல ஒரு தாளக் காட்டை எழுப்பினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது, ஒலிப்பதிவிலேயே கேட்கிறது. யார் அவர்கள்? ஜாஸ் கேட்க வந்தவர்கள். தங்களுக்குத் தெரிந்த ஜாஸ் வேண்டும் என்று காசு கொடுத்தவர்கள். ஆகவே அண்ணா, பெரிய மேடையைப் பாதி ஒதுக்கினால் அங்கே என்ன வரும்? எதிர்பாராதது வராது. பழைய பாட்டுகளை மரியாதையாகத் திருப்பி வாசிப்பவர்கள்தான் வருவார்கள்.

செலவையும் பாருங்கள். விழாவின் பெரிய மேடையான ஸ்ட்ராவின்ஸ்கி அரங்கத்தில் சுமார் 4,000 பேர் கொள்ளும். அதை நிரப்புகிற பாப் இரவுகள்தான் சின்ன மேடைகளையும் ஏரிக்கரையில் இலவசமாக நடக்கும் கச்சேரிகளையும் தாங்குகின்றன. நோப்ஸ் முதல் வருடத்திலிருந்தே எல்லாவற்றையும் பதிவு செய்ய ஆரம்பித்தார். 5,000 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்த அந்தத் தொகுப்பை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நீங்கள் கேட்கும் பெய்லியின் டிரம்பெட்டும் இதே விழா மேடையில் பதிவானதுதான்.

பழைய கேசட்:
கூச்சல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் 1973இல் அங்கே இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆனால் மைல்ஸ் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 1991 ஜூலை 8. அதுவரை பல பத்தாண்டுகள் பழைய இசைக்குத் திரும்ப மறுத்தவர், பெரிய குழுக்களுக்கு இசை அமைக்கும் கில் எவன்ஸ் (பியானோ பில் எவன்ஸ் வேறு) முன்பு தனக்கு அமைத்துக் கொடுத்த இசையை வாசிக்க ஒப்புக்கொண்டார். கில் எவன்ஸ் 1988இலேயே போய்விட்டார். குயின்சி ஜோன்ஸ் கையசைத்து நடத்த, இரண்டு பெரிய குழுக்கள் சேர்ந்து உட்கார்ந்தன. நீங்கள் குறைவாகச் சொன்ன ‘பழைய பாட்டு’ அதுதானே?

கடைசி வரிசை:
அந்தக் கச்சேரியைப் பலர் பலவீனமானது என்கிறார்கள். உடம்பு முடியாத மைல்ஸ், கடினமான இடங்களை வாலஸ் ரோனி என்ற இளைஞர் வாசித்தார் என்று.

பழைய கேசட்:
கேட்டேன், பலமுறை. ரோனி பக்கத்திலேயே நிற்கிறார், ஒத்திகையில் உதவிக்கு வாசிக்க வந்தவரை மைல்ஸ் மேடையிலும் தன்னோடு வைத்துக்கொண்டார். எந்த வரி யாருடையது என்று முதலில் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். ரோனியின் ஒலி முழுதாக, உருண்டு வருகிறது. மைல்ஸின் ஒலி ஓரத்தில் தேய்ந்து, சில இடத்தில் உடைந்து வருகிறது. கடைசியில் வரும் ‘சொலியா’ என்ற இசைப்படைப்பில் அந்த உடைந்த ஒலிக்காகக் குழு முழுவதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. செப்டம்பர் 28ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். பழைய பாட்டுதான். ஆனால் அதே பாட்டை அதே மாதிரி இன்னொரு ஊரில் நடத்தியிருக்க முடியுமா?

தனி ஆவர்த்தனம்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. ஆனால் குயின்சி ஜோன்ஸ் யார்? பாப் உலகத்தின் மிகப் பெரிய ஆல்பங்களைத் தயாரித்தவர். பாப்பும் ஜாஸும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் நோப்ஸ் அவரைக் கூப்பிட முடிந்தது, அவரால் மைல்ஸைச் சம்மதிக்க வைக்க முடிந்தது.

பழைய கேசட்:
அந்தத் தொடர்பு எனக்குத் தோன்றவில்லை, நன்றி தம்பி. சரி, பாதி கேட்டேன், கால்வாசிக்கு இறங்குகிறேன். பெயரை மாற்றவும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கால்வாசி சின்ன அரங்கில் வேண்டாம், பெரிய மேடையில் வேண்டும். அதில் இரண்டு இரவாவது ஒருவரோடு ஒருவர் இதுவரை வாசிக்காத கலைஞர்களைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டும்.

ஏரிக்காற்று:
அந்த இரண்டு இரவுக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். கால்வாசிக்கு இன்னும் இல்லை.