ஸ்காட்லாந்தில் புத்தாண்டு இரவு ‘முதல் காலடி’ வைக்க மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

பாம்பன்காரன் கேட்டது:

தங்கச்சி அபர்டீனில் நர்ஸாக இருக்கிறாள், மாப்பிள்ளையும் இப்போது அங்கேதான். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, டிசம்பர் 31 நடுச்சாமம் தாண்டியதும் முதல் ஆளாகத் தன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், கறுத்த முடிக்கார ஆம்பளை வந்தால் வருஷம் நன்றாக இருக்கும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். கையில் நிலக்கரி வேறு கொண்டுவரச் சொன்னாராம்! தங்கச்சிக்குச் சந்தோஷம். இங்கே அம்மாதான், மாதா கோயில் பூசைக்குப் போகிற நேரத்தில் இது என்ன சகுனம், கிறிஸ்தவ வேதத்துக்கு முந்தின பேகன் (பழைய தெய்வங்களைக் கும்பிடும்) சடங்காக இருந்தால் நமக்கு வேண்டாம் என்று ஒரே பிடியாக நிற்கிறது. உண்மையில் இது என்ன வழக்கம்? போனால் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை மாலுமி:

தம்பி, கண்டிப்பாகப் போகச் சொல்லுங்கள். வடகடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றும் கப்பலில் வேலை பார்த்தபோது அபர்டீனில் புத்தாண்டுக்கு இருந்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்களுக்குக் கிறிஸ்துமஸைவிட இந்த ராத்திரிதான் பெரிது. சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட் சபை) அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே அமுக்கி வைத்திருந்தது, 1958-ல்தான் அது பொது விடுமுறை ஆனது. அதனால் கொண்டாட்டமெல்லாம் வருஷக் கடைசிக்கு நகர்ந்துவிட்டது, சனவரி 2-ம் தேதியும் அங்கே லீவு.

முறை இதுதான். மணி 12 அடித்த பிறகுதான் வாசல் மிதிக்க வேண்டும், வெறுங்கையோடு மட்டும் போகவே கூடாது. வீடு சூடாக இருக்க ஒரு துண்டு நிலக்கரி, பசி வராமல் இருக்க ரொட்டியோ ஷார்ட்பிரெட்டோ, கொஞ்சம் உப்பு, அப்புறம் விஸ்கி. குடிக்காதவர் என்றால் விஸ்கியை விட்டுவிடலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அன்றைக்குப் பகலிலேயே வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டி, கடன் இருந்தால் அடைத்துவிடுவது பழைய ஆட்கள் வழக்கம். கறுத்த முடி ஏன் என்றால், பொன்முடி வைத்த வைக்கிங்குகள் (வடக்கேயிருந்து வந்த கடல் கொள்ளைக்காரர்கள்) வாசலில் நின்றால் ஆபத்து என்ற பழைய பயம் என்று அங்கே சொல்வார்கள்.

தொண்டி டீச்சர்:

அம்மாவின் பயத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள். 1,600 வருஷத்துக்கு முன்னால் ஆதித் திருச்சபை ஆயரான புனித அகுஸ்தினாரே சனவரி 1 கொண்டாட்டத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்தவர். அன்றைய ரோமர்கள் அந்த நாளில் இரண்டு முகம் கொண்ட யானுஸ் தெய்வத்தை வணங்கி, தேன், பேரீச்சை, காசு என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் டிசம்பர் 17-ல் தொடங்கும் சாட்டர்னாலியா என்ற ரோமர் திருவிழா, அதில் எசமான் அடிமைகளுக்குப் பந்தி பரிமாறுவான், மெழுகுவர்த்தியும் மண்பொம்மையும் பரிசாகக் கைமாறும். வடக்கே நார்வேயில் நடுக்குளிர்காலத்தில் ‘யூல்’ கொண்டாடினார்கள். 10-ம் நூற்றாண்டில் ஹாக்கோன் என்ற கிறிஸ்தவ அரசன்தான் அதைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றி, வீட்டுக்கு வீடு பீர் காய்ச்ச வேண்டும் என்று சட்டம் போட்டான் என்கிறார்கள். அதுவும் பல தலைமுறை கழித்து எழுதி வைத்த கதையிலிருந்துதான் தெரிகிறது.

இவையெல்லாம் உண்மையான பேகன் வழக்கங்கள். ஆனால் இந்த முதல் காலடிக்கு அவ்வளவு பழைய சான்று கிடையாது, எந்தத் தெய்வத்துக்கும் அதில் படையலும் இல்லை. அபர்டீனுக்குத் தெற்கே ஸ்டோன்ஹேவனில் அதே ராத்திரி தீப்பந்துகளைச் சுழற்றிக்கொண்டு தெருவில் நடப்பார்கள், பார்த்தால் ஆதிகாலச் சடங்கு போலத்தான் இருக்கும், அதன் வயது நூறு வருஷத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பெண் முதலில் நுழைந்தால் ஆகாது என்றும் அங்கே ஒரு பேச்சு உண்டு. நம் ஊரில் எதிரே வரும் பெண்ணைப் பார்த்துச் சகுனம் சொல்லி எத்தனை பேர் மனதை நோகடித்திருக்கிறார்கள்! பாட்டி சம்மதித்தால் தங்கச்சியும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வாசல் மிதிக்கட்டும்.

வாடைக்காற்று:

நாம் இங்கிருந்துகொண்டு அந்த இருட்டை நினைத்துப் பார்க்க முடியாது. ராமேஸ்வரத்தில் வருஷத்தின் மிகக் குட்டையான பகலே பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அபர்டீனில் டிசம்பர் 21-ல் ஏழு மணி நேரம்கூட இல்லை, மூன்றரைக்கே சூரியன் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் நெருப்பும் விருந்தாளியும் நல்ல சகுனம் ஆனதில் என்ன ஆச்சரியம்? நம் கரைக்கு மார்கழியில் பயம் இருட்டினால் வருவதில்லை, கடலால் வருவது. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர் 22 ராத்திரி, அதே நடுக்குளிர்கால நாட்களில்தான்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். தை முதல் நாளைச் சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்கிறோம் இல்லையா, உண்மையில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே. பூமியின் அச்சு மெதுவாகச் சுற்றுவதால் இந்த இரண்டு நாளும் ஏறத்தாழ 72 வருஷத்துக்கு ஒரு நாள் விலகிப் போகிறது, சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துப் பழசைக் கழிக்கிறோம், நம் கரையில் மாதா கோயில்களிலேயே பொங்கல் வைத்துப் பூசை நடக்கிறது, அதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை. புது வீட்டில் பால் காய்ச்சப் போனால் முதலில் உப்பும் மஞ்சளும்தானே உள்ளே போகிறது!

பாம்பன்காரன்:

ரொம்ப நன்றி, எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உப்பு விஷயத்தில் கொஞ்சம் இளகிவிட்டது. 31 சாயங்காலப் பூசையைப் பார்த்துவிட்டுப் போகட்டும், ஒரு பெரிய மனுஷி வாய்விட்டுக் கேட்டதை மறுக்கக் கூடாது என்கிறது. அடுத்த வாரம் ஒருத்தர் ஊரிலிருந்து அபர்டீன் போகிறார், அவர் கையில் வாலிநோக்கம் உப்பும் நம் பனங்கருப்பட்டியும் கொடுத்துவிடலாமா? கருப்பட்டி முறைக்கு ஒத்துவருமா, மாலுமி அண்ணே?

கீழக்கரை மாலுமி:

தாராளமாக ஒத்துவரும். உலர்ந்த திராட்சை போட்டுக் கறுப்பாக ஒரு கேக் கொண்டுபோவார்கள், அந்த இடத்தில் கருப்பட்டியை வையுங்கள். நிலக்கரியை மட்டும் மாப்பிள்ளை இப்போதே தேடி வாங்கி வைத்துக்கொள்ளட்டும், 31 மதியத்துக்கு மேல் அங்கே பாதிக் கடை மூடிவிடும்.