பட்டத்து விண் கேட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தின இரவு: உங்களுக்கும் இப்படி ஏதாவது?

மானிப்பாயான்:
சுருக்கமாகச் சொல்கிறேன், இப்பவும் வேலைக்கு நடுவில்தான் எழுதுகிறேன். போன டிசம்பர் கடைசி, வருடக் கணக்கு முடிக்கிற வாரம். நாலு பேரின் வேலையை இரண்டு பேர் செய்துகொண்டிருந்தோம். இரவு எட்டரை இருக்கும், யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டை தாண்டி வயல்வெளி வருகிற இடத்தில் போன் அடித்தது, நிறுத்தினேன். அலுவலகம்தான், கணக்கில் ஒரு ரூபாய் முப்பது சதம் இடிக்கிறதாம். பதில் சொல்ல ஹெல்மெட்டைக் கழற்றினேன் பாருங்கள், அப்பதான் கேட்டது, தலைக்கு மேலே விண் கூவுகிறது, பட்டத்தில் வில்லோடு பூட்டுகிற நாடா, காற்றுப் பட்டால் சத்தம் போடும். எவ்வளவு நாளாகக் கூவிக்கொண்டிருந்ததோ தெரியாது, நான் தினமும் ஹெல்மெட்டோடு கீழால் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

வரம்பில் ஒரு ஐயா குந்தியிருந்தார். நூல் பனையில் கட்டியிருந்தது. எட்டுமூலைப் பட்டம். "பிடிச்சுப் பாரும், கையில சுத்தாதையும், அறுத்துப்போடும்" என்று நூலைத் தந்தார். அந்த அதிர்வு விரலில் தொடங்கி முழங்கை வரைக்கும் வந்தது, காதால் கேட்கிறதை எலும்பாலும் கேட்கிற மாதிரி. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். "நாளைக்கும் வாருமன்" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. அதுதான் உறுத்துகிறது, வேறொன்றும் இல்லை.

உங்களுக்கும் வேலை நெரிக்கிற நேரத்தில் இப்படி ஏதாவது குறுக்கே வந்திருந்தால் எழுதுங்கள்.

முச்சை:
எட்டரை மணி இருட்டில் எட்டுமூலை என்று எப்படித் தெரிந்தது? லைட் பூட்டியிருந்தால் சரி, இல்லாவிட்டால் அது கொக்குப் பட்டமாகவோ பிராந்துப் பட்டமாகவோ கூட இருக்கலாம். கோபிக்காதீர்கள், பட்டம் விஷயத்தில் நான் கொஞ்சம் இப்படித்தான்.

என் கதை சின்னது. ஏ.எல். சோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது மேசைக்குக் கீழே வைத்துப் பட்டம் கட்டினேன். அப்பா கண்டார், ஒன்றும் பேசவில்லை, முச்சை (நூலைப் பூட்டப் பட்டத்தில் போடுகிற கட்டு) பிழை என்று மட்டும் சொல்லி அவிழ்த்துத் திரும்பக் கட்டித் தந்துவிட்டுப் போனார். அவருக்குப் பட்டம் தெரியும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, விண் பூட்ட ஆசைப்படுகிறவர்களுக்குச் சில விஷயம். பழைய ஆட்கள் பனை நாரைச் சீவிப் போட்டார்கள், இப்ப பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். வில்லில் நாடா விறைப்பாக நிற்க வேண்டும், முறுக்கு இருக்கக் கூடாது, முறுக்கினால் கூவாது, இருமும். நாடா அகலம் என்றால் குரல் தடிப்பு, ஒடுக்கம் என்றால் கீச்சு. விண் பாரம் என்பதால் பட்டம் பெரிதாக இருக்க வேண்டும், வால் நீளத்தையும் பார்த்துக் கூட்ட வேண்டும். சின்னப் பட்டத்தில் பூட்டிவிட்டு "ஏறுதில்லை" என்று காற்றைப் பேசாதீர்கள். வாடை விழுந்து மார்கழி, தையில் ஏற்றினால் விடிய விடிய நிற்கும். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டிக்கு வருகிற பட்டங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், முச்சை எங்கே எத்தனை கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி படித்த மாதிரி.

வேலணைப் பிள்ளை:
நான் தாதி. இரவு வேலை முடித்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற ஆள், பண்ணைப் பாலம் வருமுன் நித்திரையாகிவிடுவேன். டெங்கு கூடின காலம், வார்டில் கட்டிலுக்குக் கீழேயும் பாய் போட்டிருந்தோம். ஒரு நாள் காலை பாலம் தாண்டினவுடன் டயருக்குக் காற்றுப் போய்விட்டது. சனம் முழுக்கப் பேச்சு, ஒரு அம்மா கொண்டக்டரை வெயில் ஏறினது வரைக்கும் அவன் தலையில் போட்டு ஏசுகிறார்.

டிரைவர் அண்ணை மட்டும் இறங்கி மற்றப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கேட்கப் போனேன். முழங்கால் தண்ணீரில் பூநாரைகள், வெள்ளை என்று நினைத்தேன், ஒன்று செட்டையை விரித்த பிறகுதான் உள்ளே அந்தச் சிவப்பு. "நேற்று நூற்றிப் பத்து. இண்டைக்குக் குறைவு" என்றார். ஒவ்வொரு முறை போகும்போதும் வரும்போதும் எண்ணுகிறாராம். பஸ் ஓட்டிக்கொண்டா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் அவருடைய பஸ்ஸில் போயிருக்கிறேன். அவர் கதைத்ததில்லை. கண்ணாடியில் பார்ப்பார், நான் முழித்திருந்தால் தலையை அந்தப் பக்கம் ஒருக்கால் காட்டுவார், அவ்வளவுதான்.

கலாவரை:
முச்சைக்கு முதலில் ஒன்று. விடிய விடிய நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கரண்ட் கம்பியைப் பற்றி ஒரு வரி எழுத மனம் வரவில்லையா? தங்கூசி (நைலோன் நூல்) அறுந்து ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் கழுத்து என்ன ஆகும்? 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பட்டத்தோடு மேலே போய்த் தொங்கின பெடியனை உலகமே வீடியோவில் பார்த்துச் சிரித்தது. அவன் தப்பினதால்தான் அது சிரிப்பு. கயிறு இழுக்கிறவர்கள் ஒரே நேரத்தில் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் விடக் கூடாது. வெளியில் ஏற்றுங்கள், கம்பி இல்லாத இடத்தில் ஏற்றுங்கள், இரவில் கட்டிவிட்டுப் போய்ப் படுக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள், அந்த ஐயா இருந்த மாதிரி.

என்னுடையது 304, சீட்டாட்டம். வெங்காயம் கிண்டுகிற நாள், மத்தியான வெயிலில் மிசின் கொட்டிலுக்குள் நாலு பேர், கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்ரீ. எனக்குப் பதினேழு வயது, முதலாளி வீட்டுப் பெடியன், நன்றாக விளையாடுவேன் என்று பெரிய எண்ணம். அன்று கலாவரை (கிளாவர்) துரும்பு, மற்ற இனங்களை வெட்டுகிற இனம். எதிர்ப்பக்கத்தில் வேலைக்கு வந்த அண்ணர். என்னுடைய நல்ல பிடிகளில் இரண்டு முறை அவரிடம் அந்த இனம் இல்லை, வெட்டியிருக்கலாம், வெட்டாமல் ஏழையும் எட்டையும் போட்டார். நான் கேட்ட புள்ளி வந்துவிட்டது, துள்ளினேன். கடைசிப் பிடியில் அவர் கையிலிருந்து விழுந்தது கலாவரை ஜாக். 304 தெரியாதவர்களுக்கு: ஒரு இனத்துக்கு 76 புள்ளி, அதில் ஜாக் மட்டும் 30, அதற்கு மேல் சீட்டில்லை. அதை வைத்துக்கொண்டு ஒருவன் சும்மா இருக்க மாட்டான்.

"மறந்திட்டன் தம்பி" என்றார். பின்னேரம் சம்பளம் கொடுத்தது அப்பா. இப்ப எனக்கு நாற்பத்தொன்று, அந்த ஆட்டத்தைச் சீட்டுச் சீட்டாகச் சொல்வேன்.

முச்சை:
கம்பி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அண்ணர் உண்மையாகவே மறந்திருக்கலாம், காலை தொடக்கம் குனிந்து வெங்காயம் கிண்டின மனிசன்.

கலாவரை:
துரும்பு ஜாக்கை மறக்கிறதா? நீங்கள் பட்டத்தோடு இருங்கள்.

மானிப்பாயான்:
முச்சைக்கு: லைட் இல்லை, ஐயாதான் எட்டுமூலை என்று சொன்னார். அவரோடு போய்ச் சண்டை பிடியுங்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு நேற்று ஞாயிறு பின்னேரம் அந்த இடத்துக்குப் போனேன். நெல்லு கதிர் தள்ளி நிற்கிறது, வரம்பில் ஒருவரும் இல்லை. பனையில் என் நெஞ்சு உயரத்துக்கு நூல் அறுத்த தடம், ஒன்றல்ல, ஏழெட்டு, சிலது பழசாகிக் கறுத்துப்போய் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். காற்று இருந்தது. பிறகு போன் அடித்தது, எடுத்தேன், அலுவலகம்தான்.