ராணிப்பேட்டை ஆடிட் முடிந்ததும் வேலூரில் இரண்டு இரவு: கணவன் மனைவிக்கு எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி: ஆடிட்_பயணி

வணக்கம். பிப்ரவரி கடைசி வாரம் வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்கு ஆடிட். வெள்ளி மாலை நாலரைக்கு முடிந்துவிடும். எனக்கு வேலை சென்னையில், மனைவிக்கு பெங்களூரில். காட்பாடி ரெண்டு பேருக்குமே வழியில் இருப்பதால், அவங்க வெள்ளி மாலை ரயிலில் வந்து சேர, ஞாயிறு மாலை அவரவர் ஊருக்குத் திரும்பலாம் என்று நினைக்கிறோம். கார் இல்லை.

மனசில் இருப்பது: வெள்ளி மாலை நேராக ஸ்ரீபுரம் பொற்கோயில், சனி ஏலகிரி, ஞாயிறு காலை கோட்டை, மியூசியம், வள்ளிமலை, மதியம் ஆம்பூர் பிரியாணி, பிறகு ரயில். கம்பெனி எனக்கு ராணிப்பேட்டையில் ரூம் போட்டிருக்கிறது. அதையே ரெண்டு நாள் நீட்டிக்கலாமா, வேலூருக்கு மாறலாமா? சி.எம்.சி. பக்கம் லாட்ஜ் நிறைய இருக்கே, அங்கேயே எடுத்துவிடலாமா? திரும்பும் டிக்கெட்டையும் கம்பெனிதான் எடுக்கும். எதில் கவனமா இருக்கணும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பாலாற்றங்கரை

நண்பரே, காட்பாடியைச் சந்திக்கும் இடமாக வைத்தது நல்ல யோசனை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் பட்டியல் நாலு நாளுக்கு ஆகும். பாதியை வெட்டினால்தான் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

முதலில் ரூம். ராணிப்பேட்டையிலேயே தங்கினால் ஒவ்வொரு தடவையும் 25 கி.மீ. வந்து போக வேண்டும், ஆகவே மாறிவிடுங்கள். சி.எம்.சி.யை ஒட்டிய காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜ்கள் வெளியூர் நோயாளிகளுக்கும் கூட வருபவர்களுக்கும் என்றே இருப்பவை. வங்காளம், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். விடியற்காலையிலேயே டோக்கன் போட ஆள் கிளம்பும் சத்தம் கேட்கும். ஓய்வுக்கு வருபவர்களுக்கு அந்த இடம் சரிப்படாது, அவசரத்தில் வருபவர்களின் ரூமை நாம் பிடித்து வைப்பதும் நியாயமில்லை. கிரீன் சர்க்கிள், புது பஸ் ஸ்டாண்ட் பக்கமோ, ஆபீசர்ஸ் லைன் பக்கமோ பாருங்கள். பைபாஸை ஒட்டிய ஓட்டல் என்றால் ரோட்டைப் பார்க்காத பின்பக்க ரூம் வேண்டும் என்று புக் பண்ணும்போதே சொல்லுங்கள், ராத்திரி முழுக்க லாரி ஓடும் ரோடு அது. வி.ஐ.டி.யில் அட்மிஷனோ பட்டமளிப்போ நடக்கும் வாரம் ஊர் முழுக்க ரூம் கிடைக்காது. தேதியை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி மாலை ஸ்ரீபுரம் வேண்டாம். மகாலட்சுமி கோயில், வெள்ளிக்கிழமை கூட்டம் தனி. அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் ஆபீஸ் லேப்டாப். போன், கேமரா எதுவும் உள்ளே விட மாட்டார்கள், எல்லாவற்றையும் வெளியே ஒப்படைக்க வேண்டும். கம்பெனி லேப்டாப்பை அப்படி விட்டுவிட்டுப் போனால் மனசு தரிசனத்தில் நிற்காது. சிப்காட்டிலிருந்து பெட்டியோடு டாக்ஸி பிடித்து, திருவலம் வழியாக நேரே காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். வேலூருக்குள் நுழைந்து திரும்ப வேண்டியதில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு ரூமுக்குப் போய், சாப்பிட்டு, தூங்குங்கள்.

சனிக்கிழமை காலை விரிஞ்சிபுரம். வேலூருக்கு மேற்கே பெங்களூர் ரோட்டில் சுமார் 15 கி.மீ., பஸ்ஸிலேயே போகலாம். மார்க்கபந்தீஸ்வரர் கோயில். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று பழைய சொல் உண்டு, அந்த மதிலை வெளியே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பிரகாரத்தின் தென்பக்கம் நேரம் காட்டும் கல் இருக்கிறது. பாதி நிலா மாதிரி வளைந்த கல்லில் எண்கள் செதுக்கியிருக்கும். மேலே இருக்கும் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. வெயில் இருந்தால்தான் தெரியும், எட்டரையிலிருந்து பத்து வரை நல்ல நேரம். சிம்ம தீர்த்தத்தையும் விட்டுவிடாதீர்கள். பத்தரைக்கு மேல் வெறுங்காலில் கல்தரையில் நிற்க முடியாது. பிப்ரவரி கடைசியிலேயே வேலூர் வெயில் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும்.

பன்னிரண்டிலிருந்து நாலு வரை ரூமை விட்டு வெளியே வராதீர்கள். அந்த நேரத்தில் கோயில் நடையும் சாத்தியிருக்கும், கோட்டை மைதானத்தில் நிழலும் இருக்காது.

மாலை ஸ்ரீபுரம். நாலரைக்குக் கிளம்பினால் போதும். நட்சத்திர வடிவ நடைபாதையே கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் வரும். இருட்டும் நேரத்தில் விமானத்தின் பக்கம் வந்து சேர்ந்தால் விளக்கு ஏற்றியதும் தங்கத் தகட்டின் வேலைப்பாடு ஒவ்வொன்றாகத் தெரியும். 2007-ல் குடமுழுக்கு ஆன கோயில், சுமார் 1,500 கிலோ தங்கம் என்பார்கள். அரைக்கால் சட்டை, பெர்முடா போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆட்டோவைப் போகவர பேசிக் காத்திருக்கச் சொல்லுங்கள். போனை ஒப்படைப்பதற்கு முன்பே எந்த இடத்தில் நிற்பார் என்று கேட்டு, வண்டி நம்பரைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு கூப்பிட வழி கிடையாது.

ஞாயிறு காலை கோட்டை. ஆறரைக்கே போய்விடுங்கள். அகழி ஓரம் ஊர்க்காரர்கள் நடை போடும் நேரம் அது. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மூலவர் இல்லாமல் பல காலம் பூஜையே கிடையாது. 1981-ல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கோபுரம் தாண்டி உள்ளே போனால் இடது கைப்பக்கம் கல்யாண மண்டபம். முகப்பில் குதிரையும் யாளியும் பாயும் தூண்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், கூரை நடுவில் தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் இந்த மண்டபத்தைச் சொல்வேன்.

மியூசியம் ஒன்பதரைக்குத் திறக்கும். வெள்ளியும் ரெண்டாம் சனியும் விடுமுறை, உங்கள் ஞாயிறுக்குப் பிரச்சினை இல்லை. நேரம் மிச்சமிருந்தால் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இந்தக் கோட்டையில்தான் சிறைவைக்கப்பட்டு 1832-ல் இறந்தார், அவர் சமாதி அங்கே இருக்கிறது. வள்ளிமலையை அடுத்த பயணத்துக்கு வையுங்கள். படி ஏறி, சமணக் குகைகளையும் பார்த்து இறங்க முழுக் காலை வேண்டும்.

பதில் 2: டிராவல்_டெஸ்க்

மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. பில், டிக்கெட் விஷயம் மட்டும் சேர்க்கிறேன். நிறைய பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

ஆபீஸ் ரூமை நீட்டிப்பதாக இருந்தாலும் வெள்ளி காலை கணக்கை முடித்து, கம்பெனி பேரில் ஜி.எஸ்.டி. பில் வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் ஆகும் ராத்திரிகள் உங்கள் பேரில் தனி பில்லாக வர வேண்டும். ஒரே பில்லில் நாலு ராத்திரி, ரெண்டு பேர் என்று வந்தால் கணக்குப் பிரிவில் மொத்தத்தையும் நிறுத்திவைப்பார்கள், உங்கள் சொந்தச் செலவை நிரூபிக்க வேண்டியது உங்கள் தலையில் விழும். வேலூருக்கு மாறினால் இந்தத் தலைவலி தானாகவே போய்விடும். புக்கிங்கில் ரெண்டு பேர் என்று போட்டு மனைவி பேரையும் சேர்த்துவிடுங்கள், ரெண்டு பேரின் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். இந்த ஊரில் பல லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. வெள்ளி ராத்திரி ஏழுக்கு நுழைந்தால் ஞாயிறு ராத்திரி ஏழு வரை ரூம் உங்களுடையது, பெட்டியை எங்கே வைப்பது என்ற கவலையே இல்லை. நட்சத்திர ஓட்டல்களில் பன்னிரண்டு மணிக் கணக்குதான். கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

திரும்பும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மேலாளருக்கு ஒரு மெயில் போடுங்கள்: 'வெள்ளி வேலை முடிகிறது, சொந்தச் செலவில் தங்கி ஞாயிறு திரும்புகிறேன், கட்டணம் அதேதான்.' வெள்ளிக்கு எடுத்துவிட்டு அப்புறம் ரத்து பண்ணினால் பிடித்தம் உங்கள் கணக்கில் வரும், தேதி நெருங்க நெருங்க அதுவும் ஏறும்.

தேடும்போது 'வேலூர்' என்று அடித்தால் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வந்து நிற்கும். அது விழுப்புரம் பாதை. உங்களுக்கு வேண்டியது காட்பாடி, குறியீடு கே.பி.டி. ஞாயிறு மாலை ரெண்டு திசையிலும் ரயில் நிரம்பிவிடும். நடுவழி ஸ்டேஷனுக்கு ஒதுக்கீடு குறைவு என்பதால் காட்பாடியிலிருந்து போட்டால் வெயிட்டிங் லிஸ்ட் காட்டும், அதே வண்டியில் புறப்படும் ஊரிலிருந்து போட்டால் சீட் இருக்கும். அப்படியானால் மனைவிக்கு சென்னை சென்ட்ரலிலிருந்தும், உங்களுக்கு பெங்களூரிலிருந்தும் எடுத்து, ஏறும் இடத்தைக் காட்பாடி என்று புக் பண்ணும்போதே மாற்றிவிடுங்கள். கட்டணம் கூடும், அந்தக் கூடுதலை கம்பெனியிடம் கேட்காதீர்கள். ஏறும் இடத்தை மாற்ற மறந்தால், ஆள் வரவில்லை என்று சீட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார் டிக்கெட் பரிசோதகர்.

பதில் 3: சீரகசம்பா

ஏலகிரியை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீங்க சார். வேலூரிலிருந்து 90 கி.மீ. பக்கம் வரும், பஸ் மாறி மாறிப் போக ஒரு பக்கத்துக்கே ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலை ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பேரும் கடையெழு வள்ளல்கள் பேரும் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் ரசிக்க வேண்டிய பாதை அது. மலைதான் வேண்டும் என்றால் வேலூரை முழுசா விட்டுவிட்டு, மனைவியை ஜோலார்பேட்டையில் இறங்கச் சொல்லி நேரே மேலே போய் ரெண்டு ராத்திரி தங்குங்கள்.

ஆம்பூரும் அப்படித்தான். பிரியாணிக்காக மட்டும் 50 கி.மீ. போய், திரும்ப காட்பாடிக்கு ஓடி வந்து ரயில் பிடிப்பது பதற்றம். வேலூரிலேயே சீரகசம்பா அரிசியில், காய்ந்த மிளகாய் அரைத்துப் போட்ட அதே முறை பிரியாணி கிடைக்கும். பன்னிரண்டரைக்குள் உட்காருங்கள். ரெண்டு மணிக்கு மேல் அடித்தட்டு அரிசி குழைந்திருக்கும், கூட வைக்கும் கத்தரிக்காயும் தீர்ந்திருக்கும். சாப்பாட்டில் ஒரு மாறுதல் வேண்டும் என்றால் காந்தி ரோடு வங்காளி மெஸ்களில் மீன் குழம்பும் சாதமும். அங்கே தங்க வேண்டாம் என்றாலும் சாப்பிடப் போகலாம்.

வெள்ளி மதியம் இடைவேளை கிடைத்தால் பாலத்தைத் தாண்டி ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிவிடுங்கள். உள்ளே முந்திரி, பிஸ்தா வைத்து ஜீராவில் ஊறுவது, கை பட்டாலே உடையும். அடுக்கி வைக்காமல் ஒரே வரிசையாக டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஆடிட் பேப்பர் இருக்கும் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

ஆடிட்_பயணி

மூவருக்கும் ரொம்ப நன்றி. ஏலகிரி, ஆம்பூர், வள்ளிமலை மூன்றையும் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: ஆடிட் இழுத்துக்கொண்டு ஆறரை ஆகிவிட்டால் மனைவி காட்பாடியில் தனியாகக் காத்திருக்க வேண்டி வருமே?

பதில் 4: பாலாற்றங்கரை

ரூமை மனைவி பேரில் எடுத்துவிடுங்கள். நீங்கள் தாமதமானால் அவங்க ஸ்டேஷன் வாசலிலேயே ஆட்டோவோ டாக்ஸியோ பிடித்து ஓட்டலுக்குப் போய்ச் சாவி வாங்கிவிடலாம், யாரும் யாருக்காகவும் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டாம். ஆடிட் முடிவுக் கூட்டத்தை மூன்று மணிக்கு என்று வியாழக்கிழமையே தொழிற்சாலையில் சொல்லி வையுங்கள், கையெழுத்துப் போட வேண்டியவர் வெள்ளி மாலை சீக்கிரம் கிளம்பிவிடுவதால்தான் பல ஆடிட்டும் இழுக்கும்.

ஞாயிறு திரும்பும்போது ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே வேலூரை விட்டுக் கிளம்புங்கள். தூரம் என்னவோ ஆறேழு கி.மீ.தான், ஆனால் பாலாற்றுப் பாலத்திலும் காட்பாடி ரயில்வே மேம்பாலத்திலும் ஞாயிறு மாலை வண்டி நகராது. ரெண்டு பேர் வண்டியும் எந்த பிளாட்பாரம் என்பதை ஸ்டேஷன் பலகையில் பார்த்து, முதலில் வரும் வண்டியின் பிளாட்பாரத்தில் சேர்ந்து உட்காருங்கள்.