நல்லார்பர் வழியாகப் பெர்த் செல்ல ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்று அடிலெய்டில் வசிக்கும் நானும் என் கணவரும், வரும் ஜூலைப் பள்ளி விடுமுறையில் எட்டு வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு, கேரவனை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை) இழுத்தபடி, நல்லார்பர் சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலை வழியாகப் பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படுகிறோம்.

அந்தச் சாலையில் செடூனா என்ற ஊரிலிருந்து நார்ஸ்மன் என்ற ஊர் வரை ஏறத்தாழ 1,200 கி.மீ.; அதில் 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர்சாலை என்பதால், ஓட்டும்போது கண் அயர்ந்துவிடுமோ என்பதே என் பெருங்கவலை. அந்தி சாய்ந்தபின் கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால் பகலில் மட்டுமே ஓட்டுவோம். எழுபதை நெருங்கும் எங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தொலைவு தாங்கும், இரவில் எங்கே தங்குவது நல்லது?

வழியில் உள்ள ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் குட்டியோடு வரும் திமிங்கலங்களைப் பேரனுக்குக் காட்ட எந்த நேரம் ஏற்றது? மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சாவடியில் காய்கனிகளையும் தேனையும் எடுத்துக்கொள்வார்கள் என அறிவோம். மகளுக்காக வறுத்து அரைத்துப் புட்டியில் அடைத்த கறிவேப்பிலைப் பொடிக்கும் தடை உண்டா? சென்று வந்தவர்கள் அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.