வெயிலை நம்பிப் பாத்தியைத் துப்புரவாக்கினேன், பூப்பனி (உறைபனி) விழுந்து செடியெல்லாம் கருகிவிட்டது. பிடுங்கவா, விடவா?

கந்தப்பளை வாசல்:
வணக்கம். நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் இருக்கிறேன், வீட்டுக்கு முன்னால் மூன்று பாத்தி. இரண்டில் டேலியாவும் ஜெரேனியமும், சுவரோரம் ஹைட்ரேன்ஜியா. மற்றதில் கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ். பொங்கல் கழிந்து பத்து நாளாக நல்ல வெயில், பகலில் சுவெட்டர் போட முடியவில்லை. சரி, பனி போய்விட்டது என்று ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டேன். காய்ந்த தண்டுகளை வெட்டி, மூடியிருந்த மானாப்புல்லை வாரியெடுத்தேன். ஹைட்ரேன்ஜியாவை முழங்கால் உயரத்துக்குக் கவ்வாத்து வெட்டினேன். மண்ணை முள்ளால் குத்திக் கிளறிச் சாணமும் போட்டாயிற்று.

செவ்வாய் இரவு வானத்தில் ஒரு மேகம் இல்லை. புதன் காலை கதவைத் திறந்தால் பாத்தி முழுக்க உப்பு தூவியது போல. பத்து மணிக்குள் ஜெரேனியம் அவித்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. டேலியாவில் விரல் நீளம் வந்திருந்த துளிரெல்லாம் கறுப்பு. கோவாவுக்கு ஒன்றுமே இல்லை. ஓடைப்பக்கப் பாத்திதான் மோசம், படிக்கட்டுப் பக்கம் பரவாயில்லை. கருகியதை வெட்டிவிடலாமா?

லிந்துலை மாமா:
தங்கச்சி, முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். கருகின இலை பார்க்க அசிங்கம்தான், ஆனால் அடுத்த பனிக்கு அதுதான் கீழே இருக்கிற கணுவுக்குக் குடை. இப்போது வெட்டினால் மறுபடி பிஞ்சுத் துளிர் வரும், அதையும் பனி தின்னும். பெப்ரவரி கடைசி வரைக்கும் நம் பக்கம் நம்ப முடியாது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, தண்டை நகத்தால் மேலிருந்து கீழாகச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். எங்கே பச்சை தெரிகிறதோ அதுவரை உயிர். டேலியாவுக்கு ஒரு பக்கம் மண்ணை விரலால் விலக்கிக் கிழங்கை அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம், திரும்ப முளைக்கும். கொழகொழவென்று இருந்தால் எடுத்துப் போடுங்கள். அப்புறம், யூரியா பக்கமே போகாதீர்கள். சாணம் போட்டதே கொஞ்சம் அவசரம்.

பதுளை ரோஜா:
எங்கள் பக்கம் பனியே விழாது, நான் டிசம்பரிலேயே துப்புரவாக்கிவிட்டேன் 🙂 வாரின புல்லை மறுபடி போட்டு மூடுங்கள் அக்கா, சரியாகிவிடும்.

நானுஓயா மரக்கறி:
பதுளை ரோஜா சொல்வது பாதி சரி. பகலில் மண் வாங்கின சூடு இரவில் மேலே ஏறும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், இல்லாவிட்டால் போனது போனதுதான். அதனால்தான் வெயில் பளிச்சென்று அடித்த நாளின் இரவே ஆபத்து. மண்மேல் புல்லைக் கனமாகப் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே நிற்கும். கிழங்குக்கு நல்லது, மேலே நிற்கிற இலைக்கு அதுவே கெடுதல். ஆகவே டேலியா மேல் புல், ஜெரேனியம் அடியில் வெறும் ஈரமண். வாடாமல் மத்தியானமே தண்ணீர் விடுங்கள், காய்ந்த மண்ணைவிட ஈரமண் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும்.

நாலு குச்சி நட்டு அதன்மேல் சாக்கு விரியுங்கள், விளிம்பு தரையைத் தொடட்டும். இலையில் படக்கூடாது. பொலித்தீன் இலையில் ஒட்டினால் ஒட்டின இடம் கருகும். வெயில் இறங்கும் முன்பே மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். வானொலியில் 4 டிகிரி என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அது ஆள் உயரத்தில், பெட்டிக்குள் அளந்த கணக்கு, தரையில் அதற்கும் கீழே போகும்.

குளிர்காற்று கனம், தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வடியும். தேயிலை மலையிலும் பள்ளத்துச் செடிதானே முதலில் கருகும்? அடுத்த வருடம் ஓடைப்பக்கம் கோவா, லீக்ஸை வைத்துப் பூவைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோங்கள்.

கந்தப்பளை வாசல்:
சுரண்டிப் பார்த்தேன். ஐந்து ஜெரேனியத்தில் இரண்டு அடிவரை பழுப்பு. மற்ற மூன்றும் அடியில் பச்சை. கிழங்கு எல்லாம் கெட்டி! ஹைட்ரேன்ஜியா கட்டையும் பச்சைதான். நுவரெலியா ஏப்ரல் சீசனுக்குப் பூக்குமா மாமா?

லிந்துலை மாமா:
பொய் சொல்ல மனமில்லை. சாதாரண உருண்டைப் பூ வகைக்குப் போன வருடத்துத் தண்டின் நுனியில்தான் மொட்டு கட்டும். அதைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்கள், பனி மேல் பழி போட வேண்டாம். செடி தப்பும், பூவுக்குப் பொறுக்க வேண்டும். இனிமேல் பூத்து ஓய்ந்ததும் வாடின தலையை மட்டும் கிள்ளுங்கள்.

கை சும்மா இருக்காது என்றால் களை பிடுங்குங்கள், கல்லைப் புரட்டி நத்தை பொறுக்குங்கள். துளிரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கந்தப்பளை வாசல்:
நாலு அரிசிச் சாக்கு கிடைத்தது, ஒன்று கோழிக்கூட்டின் மேலிருந்து உருவியது. இப்போது மணி ஐந்தரை, வானம் மறுபடி துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. மூடிவிட்டு வருகிறேன்.