பாம்பை அடிக்கும் பூனைக்கு ஒரு சொல்: ‘அறைந்தொதுங்கல்’ சரியாக வருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவில் வாழும், நீண்ட கால்கள் கொண்ட காட்டுப் பூனையான செர்வால் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் அக்காவின் கேள்வி இதுதான். நச்சுப்பாம்பைக் கண்டால் அந்தப் பூனை பாய்ந்து கவ்வுவதில்லை. முன்னங்காலால் தலையில் ஓர் அடி, உடனே எட்டப் போய்விடும், மறுபடி வந்து ஓர் அடி. இந்தச் செயலுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும். பரிந்துரைகள் நிறைய வந்துவிட்டன. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

> ‘நஞ்செதிர் வேட்டை’ எனலாம். கீரியைப் போலப் பூனைக்கும் விஷம் ஏறாது அல்லவா?

ஏறும். கடிபட்டால் பூனையும் சாகும். கீரிக்கு இருப்பது உடலிலேயே அமைந்த பாதுகாப்பு. நாகத்தின் நரம்பு நஞ்சு, நரம்பின் கட்டளையை வாங்கிக்கொள்ளத் தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டுதான் வேலையைக் காட்டுகிறது. கீரியின் ஏற்பியில் அந்த இடத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி துருத்திக்கொண்டு நிற்பதால் நஞ்சால் ஒட்ட முடிவதில்லை. (ஏதோ மூலிகையைத் தின்றுவிட்டு வந்து கீரி மறுபடி சண்டை போடும் என்று ஊர்ப் பக்கம் சொல்லும் கதைக்கு இனி வேலையில்லை.) காட்டுப் பூனைகள் பாம்போடு மோதுவது இப்படி ஒரு கவசத்தை நம்பி அல்ல.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பழுப்புப் பாம்பு கடித்து, முறிமருந்து கொடுக்கப்படாத வளர்ப்புப் பிராணிகளில் பூனைகள் 66 விழுக்காடு பிழைக்கின்றன, நாய்களோ 31 விழுக்காடுதான். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டின் குருதி நீர்மத்திலும் (பிளாஸ்மா) பாம்பு நஞ்சுகளைக் கலந்து பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். நாயின் நீர்மம் பூனையினுடையதைவிட விரைவாக உறைந்தது. உறைவுக் காரணிகள் அப்படிச் சீக்கிரம் செலவாகிவிட்டால் அப்புறம் இரத்தக்கசிவை நிறுத்த உடலில் ஒன்றும் மிஞ்சாது. நடத்தையையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். நாய் மூக்கையும் வாயையும் நீட்டி முகர்கிறது, அங்கே இரத்த ஓட்டம் மிகுதி. பூனை கையை நீட்டித் தட்டிப் பார்க்கிறது. ஆக, பூனைக்கு ஓரளவு தாங்குதிறன் உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம். ‘எதிர்ப்பு’ என்று பெயரிலேயே வைத்தால் படிப்பவர் கீரிக் கணக்கில் சேர்த்துவிடுவார்.

> ‘அறைவேட்டை’ சுருக்கமாக இருக்கிறது. புலி அறைந்தது என்றுதானே சொல்கிறோம்?

வினை மிகப் பொருத்தம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ‘அறைவேட்டை’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், சென்னைக்கு வேலைக்கு வந்த பையன் வாடகைக்கு இடம் தேடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். வினைத்தொகை என்று நாம் இலக்கணம் சொல்லலாம், கண் முதலில் பிடிப்பது பெயர்ச்சொல்லைத்தான்.

அதைவிடப் பெரிய குறை, அது பாதிச் செயலை விட்டுவிடுகிறது. எலியையும் செர்வால் கால்களால் அடித்துத்தான் பிடிக்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில், புல்லுக்குள் எலி ஓடும் ஓசையை அந்தப் பெரிய காதுகளால் கேட்டு, மேலே எகிறி, முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து அதன் மேல் இறங்குகிறது. அங்கே விலகல் என்ற பேச்சே இல்லை. பாம்பிடம் போகும்போது கால் அதேதான், வலுவும் அதேதான், உயிரைக் காப்பாற்றுவது மட்டும் விலகல்.

அது ஏன் என்று தெரிந்தால் சொல்லும் தானாக அமையும். 2016இல் அமெரிக்காவில் கிலுகிலுப்பை விரியன், நீரோரம் வாழும் இன்னொரு விரியன், சாரை மாதிரியான நஞ்சற்ற பாம்பு ஆகிய மூன்றின் பாய்ச்சலையும் அளந்தார்கள். மூன்றுமே பத்தில் ஒரு நொடிக்குள் இலக்கைத் தொட்டுவிட்டன, நஞ்சற்றதும் சளைக்கவில்லை. நாம் கண் இமைக்க அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். இந்த வேகத்தோடு மல்லுக்கட்ட அனிச்சைச் செயலை மட்டும் நம்பிப் பயனில்லை. ஆனால் பாய்ச்சலுக்கு எல்லை உண்டு. பெரும்பாலும் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. அந்த வட்டத்தின் விளிம்பில்தான் பூனை நிற்கிறது. உள்ளே போவது முன்னங்கால் மட்டும், முகமும் உடலும் வெளியே.

இன்னொன்று, பாம்புக்கு மூச்சுப்பிடி குறைவு. திடீர் வேகத்துக்கு அதன் தசை ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றலை எடுக்கிறது, லாக்டிக் அமிலம் சேர்ந்து சீக்கிரம் சோர்ந்துவிடும், மீள நெடுநேரம் ஆகும். தவறிய ஒவ்வொரு பாய்ச்சலும் பாம்புக்குச் செலவு. அதனால்தான் ஒரே அடியில் முடிக்கும் அவசரம் பூனைக்கு இல்லை. தலை கலங்கி, பாய்ச்சல் தளர்ந்தபின் தலைக்குப் பின்புறம் ஒரு கடி, அத்தோடு சரி.

இது நீண்ட கால்களின் வித்தை மட்டும் என்று நினைத்து ‘நெடுங்கை அடி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சகாரா முதல் மத்திய ஆசியா வரை பாலைகளில் வாழும் மணல் பூனையைப் பாருங்கள். அதிகம் போனால் மூன்றரைக் கிலோகூட வராது, கால்களும் குட்டை. அதுவும் மணலில் புதைந்து கிடக்கும் கொம்பு விரியன்களைத் தலையில் அடித்துக் கலங்கவைத்து, கழுத்தில் கடித்துக் கொல்கிறது. ஆக, கால் நீளத்தைச் சொல்லுக்குள் வைக்க வேண்டியதில்லை.

> பழந்தமிழில் ‘எற்றுதல்’ இருக்க, புதிதாக எதற்கு?

பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். எற்றுதலுக்கு அடித்தல், உதைத்தல், தூக்கி எறிதல் என்று பல பொருள். அதை வேறோர் இடத்துக்குச் சேமித்து வைக்கலாம். ஆபத்தான இரையைக் கொன்று முடித்தபின் பூனை அதைத் தூக்கி எறிந்து, சுற்றித் துள்ளி ஆடுமே, பயம் தெளிந்த ஆட்டம், அதைப் பூனைகளின் நடத்தையை ஆராய்ந்த ஜெர்மானியர் பால் லைஹவுசன் தனி நடத்தையாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார். அதற்கு ‘எற்றாட்டம்’ என்றால் அழகாக இருக்கும்.

நம் செயலுக்கு என் பரிந்துரை ‘அறைந்தொதுங்கல்’. ‘அறைந்து’ என்று எச்சமாக நிற்கும்போது அது வீட்டு அறையாக இருக்க வழியில்லை. ‘பின்வாங்கல்’ என்றால் தோற்றுப்போன வாடை வீசுகிறது. ‘விலகல்’ என்றால் போனவர் திரும்புவாரா தெரியாது. ஒதுங்குவது அப்படியல்ல, மழைக்கு ஒதுங்கியவர் மழை விட்டதும் கிளம்பிவிடுவார். வினையாகவும் ஓடும்: ‘செர்வால் பாம்பை அறைந்தொதுங்கிக் களைக்கவைத்தது.’ ‘குட்டிகள் அறைந்தொதுங்கப் பழகுகின்றன.’

அன்புடன்.

*

மறுமொழி

வணக்கம் தம்பி. கால்நடை மருத்துவர் என்ற முறையில் நஞ்செதிர்ப்பு பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவர் சொல்லில் வாடகை வீட்டைக் கண்டுபிடித்த உங்களுக்கு, எங்கள் பக்கம் ‘ஒதுங்கப் போனான்’ என்றால் என்ன பொருள் என்று தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பையன்கள் சிரிப்பார்கள். இன்னொன்று, ஆப்பிரிக்காவின் நெடுங்கால் வேட்டைப் பறவையான செக்ரட்டரிப் பறவையும் பாம்பைக் காலால்தானே அடிக்கிறது? அதையும் இந்தச் சொல்லில் அடக்கலாமா?

*

மறுமொழி

ஐயா, வணக்கம். சிரிக்கட்டுமே, சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்த சொல் மறக்காது. ‘அறைந்து’ முன்னால் நிற்கும்வரை வயக்காட்டுப் பொருள் ஒட்டாது என்றே நினைக்கிறேன். குழுவுக்கு உறுத்தினால் ‘அறைந்தகலல்’ என்று மாற்றிக்கொள்ளலாம், எனக்குப் பிடிவாதம் இல்லை. என் ஓட்டு மட்டும் முதல் சொல்லுக்கே.

செக்ரட்டரிப் பறவையைச் சேர்க்க வேண்டாம். அது மேலிருந்து மிதித்து நசுக்குகிறது. பழக்கப்பட்ட ஒரு பறவையை இங்கிலாந்தில் அளந்தபோது, உதையின் விசை அதன் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு, இரையைக் கால் தொட்டிருந்த நேரம் ஆயிரத்தில் பதினைந்து நொடி. அது மிதிவேட்டை, தனிச் சொல்லாக இருக்கட்டும். கீரியும் இதில் வராது. பாம்பின் பாய்ச்சலுக்குத் தப்பித் தப்பி நின்று, கடைசியில் வாயால்தான் தலையைப் பிடிக்கிறது.

வரையறை இப்படி இருக்கலாம், அக்கா எடுத்துக்கொள்ளட்டும்:

அறைந்தொதுங்கல்: பூனைக் குடும்ப விலங்கு, ஆபத்தான இரையை (குறிப்பாக நச்சுப்பாம்பை) முன்னங்காலால் தலைப்பகுதியில் அறைந்து, அதன் பாய்ச்சல் எட்டாத தொலைவுக்கு உடனே நகர்ந்து, இரை தளரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தல்.

‘பூனைக் குடும்ப’ என்பதை நீக்கிவிடலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. நீக்கினால் வேறு எந்த விலங்கெல்லாம் உள்ளே வந்துவிடும் என்று ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். கடித்தும் நஞ்சை இறக்காத கடிக்கு ‘வெற்றுக்கடி’யா ‘பொய்க்கடி’யா என்று அக்கா கேட்டிருப்பதைத் தனி இழையாகத் தொடங்குவோம், அதில் மருத்துவர்கள் பலருக்கும் கருத்து இருக்கும்.