1972 நோர்ட்டன் கொமாண்டோ மோட்டார்சைக்கிள்: ஹீற்றர் இல்லாத கராஜில் ஐந்து மாதம்

ஒற்றைக்கிக்:
ரொறன்ரோ. கொமாண்டோ 750, ஃபைபர் கிளாஸ் டாங்க், அமல் கார்ப்ரேற்றர் ரெண்டு. ஏப்ரல் வரை ஹீற்றர் இல்லாத கராஜில்தான் நிக்கும், மைனஸ் 20 வரை போகும். டாங்கை முட்ட நிரப்பி ஸ்டெபிலைசர் (பெற்றோல் கெடாமல் வைக்கிற மருந்து) விடச் சொல்லினம். சரியோ? மாதம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ண வேணுமோ?

பழையஇரும்பு:
முட்ட நிரப்புறது இரும்பு டாங்குக்கு. காற்று குறைஞ்சால் ஈரம் படியாது, துருவும் வராது. உங்கடது ஃபைபர். பெற்றோலில் கலந்த எத்தனால் அந்த ரெசினைக் கரைக்கும். கரைஞ்சது கார்ப்ரேற்றர் ஸ்லைடிலும் வால்வ் தண்டிலும் பிசினாய் ஒட்டும்; ஸ்லைட் இறுகினால் த்ரொட்டில் மூடாது. முழுக்க வடிச்சு, மூடியைத் திறந்து காய விடுங்கோ. கார்ப்ரேற்றர் கிண்ணங்களையும் கழற்றித் துடையுங்கோ. பைலட் ஜெட் ஓட்டை மயிரளவு, காய்ஞ்ச பெற்றோல் அடைச்சால் ஐடில் நிக்காது.

மாதாந்த ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிஷத்தில எஞ்சின் சூடேறாது. பெற்றோல் எரிஞ்சு வாற நீராவி ஒயிலிலும் சைலன்சரிலும் தண்ணியாய்த் தங்கும். பெற்றோலை வடிக்க முன்னம் கடைசியா 20 நிமிஷம் ஓடி, சூட்டோட ஒயிலும் ஃபில்ற்றரும் மாத்துங்கோ. பழைய ஒயிலில இருக்கிற அமிலம் குளிர்காலம் முழுக்க பெயாரிங்கைத் தின்னும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 5 மில்லி ஒயில் விட்டு, இக்னிஷன் அணைச்சபடி ஆறு தரம் மெல்ல உதையுங்கோ.

சம்ப்_ப்ளக்:
முக்கியமானது விட்டுப்போச்சு. ஆயில் டேங்க்ல (பெட்ரோல் டேங்க் இல்ல) இருக்கிற ஆயில், கியர் பம்ப் இடுக்கு வழியா மெல்ல சம்ப்ல, அதாவது எஞ்சினோட அடிப்பகுதில, இறங்கிடும். ஏப்ரல்ல டிப்ஸ்டிக்கைப் பாத்துட்டு ஆயில் இல்லைன்னு மேல ஊத்திடாதீங்க! முதல் கிக்குக்கு முன்னாடி சம்ப் ப்ளக்கைத் திறந்து வடிச்சு, அந்த ஆயிலையே டேங்க்ல ஊத்துங்க. அப்படியே உதைச்சா ஆயில் கிராங்க் சீலைத் தாண்டி ப்ரைமரிக்குள்ள (க்ளட்ச் இருக்கிற பெட்டி) போய் க்ளட்ச் வழுக்கும். ஆயில் இறங்காம இருக்க லைன்ல மூடித் திறக்கிற டேப் (வால்வ்) போடச் சொல்லுவாங்க. திறக்க ஒரு தடவை மறந்தா எஞ்சின் காலி. நான் போட மாட்டேன்.

பேட்டரி: சார்ஜ் இறங்கினது மைனஸ் 10 வாக்கில உறைஞ்சு டப்பா வெடிக்கும். முழு சார்ஜ்ல இருந்தா மைனஸ் 50 தாங்கும். கழட்டி உள்ள வைங்க. முதல்ல எர்த் வயரைக் கழட்டணும், கொமாண்டோவில அது பாசிட்டிவ்.

ஒற்றைக்கிக்:
நன்றி. கொம்ப்ரெஷன் பிடிக்கிற இடத்தில நிப்பாட்டினால் வால்வ் எல்லாம் மூடியிருக்கும், ஈரம் உள்ள போகாது எண்டினம்?

பழையஇரும்பு:
ஒற்றைச் சிலிண்டருக்குச் சரி. இது 360 பாகை ட்வின், ரெண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஒண்டு கொம்ப்ரெஷனில ஏறேக்க மற்றது எக்ஸோஸ்ற்றில, அதின்ர வால்வ் திறந்துதான் கிடக்கும். சைலன்சர் வாயையும் கார்ப்ரேற்றர் வாயையும் ஒயில் துணியால அடையுங்கோ, எலியும் போகாது. அடைச்ச அடையாளத்துக்கு கிக் லீவரில சிவப்புத் துணி ஒண்டு கட்டுங்கோ.